இரண்டு தலைமடை

"நான் நேராத்தான் போட்டிருக்கேன், நீங்கதான்..."

"நானும் நேராத்தான் போட்டேன், நீ மாத்தியிருப்பேன்னு..."

"நான் எதுக்கு மாத்தணும்? மாத்த வேண்டிய ஆளு..."

"பாரதி, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"மொதல்ல நீங்க நிறுத்துங்க. நிறுத்தினாத்தான நான் சொல்றது உங்க காதுல விழும்."

"நீ நிறுத்து, நானும் நிறுத்துறேன்."

இரண்டு பேரும் ஒன்றாகவே நிறுத்தினார்கள். ஜெயபாரதியின் காதில் இப்போது ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மூச்சா, காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாத இரைச்சல்.

தஞ்சாவூரைத் தாண்டி, புறவழிச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற டேட்டா சென்டர் அது. பழைய கட்டடம் கிழக்கே, புதிதாக எழுப்பிய கூடம் மேற்கே. நடுவில் விற்க மனசில்லாத ஒருவருடைய வயல், சம்பா நட்டு வேர் பிடித்து நிற்கிறது. அந்த மனிதர் வரப்பை மட்டும் விட்டுக்கொடுத்தார். வரப்புக்கு அடியில் குழாய் பதித்து, குழாய்க்குள் கண்ணாடி இழைகளை ஓட்டி, இரண்டு கட்டடத்தையும் சேர்த்திருக்கிறார்கள். மேற்குக் கூடத்தில் ஆளுயர இரும்பு ரேக்கின் முன்னால் ஜெயபாரதி மண்டி போட்டிருந்தாள். கிழக்கே, அதைப் போலவே இன்னொரு ரேக்கின் முன்னால் அவள் கணவன் சூர்யபிரகாஷ். இழைகளைப் பிரித்து, வளைத்து, ஒன்றோடு ஒன்று சிக்காமல் தட்டுத் தட்டாக அடுக்கிச் சேர்ப்பதுதான் இருவருக்கும் தொழில்.

செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் காவலுக்கு இருக்கிற ஹலீமா வாங்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். அதனால் இன்னும் செருகாமல் கிடந்த ஓர் இழையின் இரண்டு முனையிலும் டாக்செட் என்கிற பேசும் கருவியை மாட்டிக்கொண்டு பேசினார்கள். இங்கே பேசுகிற பேச்சு வெளிச்சமாகி, வயலுக்கு அடியில் ஓடி, அங்கே போய் மறுபடியும் பேச்சாகிவிடும். வாக்கி டாக்கியில் ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் ஆகவேண்டும். இதில் அந்தக் கட்டாயம் இல்லை. புருஷன் பொண்டாட்டி கையில் கொடுக்கவே கூடாத சாமான்.

சண்டைக்குக் காரணம் இதுதான். வேலையெல்லாம் முடித்து, தட்டுகளை உள்ளே தள்ளி, சுவிட்சைப் போட்டால், பச்சை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு இழை வேண்டும். ஒன்று பேச, ஒன்று கேட்க. இந்தப் பக்கத்து வாய் அந்தப் பக்கத்துக் காதுக்குப் போகவேண்டும். அதற்காக ஏதாவது ஒரு பக்கத்தில் ஜோடியை இடம் வலம் மாற்றிப் போடுவது வழக்கம். இங்கே இரண்டு பக்கமும் நேராகப் போட்டதில் வாய்க்கு எதிரே வாய், காதுக்கு எதிரே காது என்று ஆகிவிட்டது. இரண்டு ரேக்கும் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

"சித்தீக் அண்ணன் என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் ஜெயபாரதி. "தலப்பக்கம் நேரா, கடப்பக்கம் மாத்தி. சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாரு. அதான் நான் நேரா போட்டேன். நான்தான தலப்பக்கம்."

"நீங்க எப்படித் தலப்பக்கம்? கிழக்கே உக்காந்துக்கிட்டு? மேக்கேருந்துதான தண்ணி வரும்?"

"தண்ணி மேக்கேருந்து வரும். வெளிச்சம் எங்கேருந்து வருது? வெளி லைன் மொதல்ல இந்தக் கட்டடத்துக்குத்தான் வருது. கடலுக்கு அடியில கெடந்து, மெட்ராஸ்ல கரையேறி, இங்க வந்து, அப்பறம்தான் உன் கூடத்துக்கு. அப்ப நான் தலமடை, நீ கடமடை."

"நானா? ஆத்துத் தண்ணி மொதல்ல வர்ற திருக்காட்டுப்பள்ளியில பொறந்தவ கடமடையா?"

"எங்க ஊர்ல ஆடியில தொறந்த தண்ணி ஆவணிக்கு வந்தா அதிசயம். பொறந்ததுலேருந்து கடமடைக்காரன்னே கேட்டுட்டேன். இங்கயாச்சும் ஒரு நாளு தலயா இருந்துட்டுப் போறேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டால் காலையிலிருந்து பிடித்துவைத்திருக்கிற கோபம் கையை விட்டுப் போய்விடும்.

"தலயோ கடையோ, நீங்க எதுக்குத்தான் சரியா பதில் சொல்றீங்க? காலைல நான் ஒண்ணு கேட்டேன்."

"அதான் சொன்னேனே. உன் இஷ்டம்."

"அது பதிலா?"

"பின்ன என்ன அது?"

அதிராம்பட்டினத்து சித்தீக் முன்பு இவர்களோடு வேலை செய்து தொழில் சொல்லிக்கொடுத்தவர், இப்போது சிங்கப்பூரில் பெரிய டேட்டா சென்டரில் இருக்கிறார். ஆள் கேட்டார்கள் என்று நேற்று போன் செய்தார். இரண்டு வருஷ வேலை. கேட்டது ஜெயபாரதியை. சூர்யபிரகாஷை இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்லவேண்டும். அவளுக்குப் போக ஆசைதான். ஆனால் போ என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். போகாதே என்றாவது சொல்லட்டும். அவரோ ராத்திரியிலிருந்து அந்த இரண்டு சொல்லையே நீட்டிக்கொண்டிருந்தார். தன்னை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டது அவருக்குத் தைத்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"சரி" என்றது காதில் குரல். "நானே கடமடையா இருந்துட்டுப் போறேன். என் பக்கத்த மாத்துறேன். நீ விளக்கப் பாத்துச் சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். உன் தட்டக் கலைக்கச் சொன்னா நீ சும்மா விடுவியா?"

விடமாட்டாள். ஒரு விரல் போக இடமில்லாமல் இழைகள் நெருங்கி நிற்கிற தட்டு அது. இழையைச் சட்டென்று மடக்கினால் மடங்கிய இடத்திலேயே வெளிச்சம் கசிந்துவிடும். வாய்க்கால் திரும்புகிற மாதிரி அகலமாகத் திருப்பிக் கொண்டுபோகவேண்டும். தட்டை இழுத்தால் கூடவே வர வேண்டிய நீளம் விட்டிருக்கவேண்டும், உள்ளே தள்ளினால் அந்த நீளம் தானாகப் படுத்துக்கொள்ள வேண்டும். அவள் அடுக்கினால் மஞ்சள் இழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, அறுப்புக்கு முந்தின வயலில் காற்று நின்ற மாதிரி இருக்கும்.

"மொத ஜோடி மாத்திட்டேன். வந்துச்சா?"

"வந்துருச்சு."

"அடுத்தது?"

"ம். வந்துருச்சு."

"இது?"

"இருங்க... வந்துருச்சு."

பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. கூடத்தில் குளிர்காற்று ஒரே சீராக இரைந்தது. ஜன்னல் கிடையாது. உள்ளே வந்துவிட்டால் மழையா வெயிலா என்று தெரியாது. ஜெயபாரதி ரேக்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரும்பு உள்ளுக்குள்ளே மெதுவாக அதிர்ந்தது.

"இங்க மழ புடிச்சிருச்சு" என்றார் அவர். அவர் அறையில் ஜன்னல் உண்டு.

"பெருசாவா?"

"இல்ல. ஐப்பசித் தூத்தல். வயல்ல கொக்கெல்லாம் நனஞ்சுக்கிட்டே நிக்குது. ஒண்ணு மட்டும் வரப்புல நடந்து உன் பக்கமா வருது. நம்ம கொழாய் போற வரப்புதான்."

"எவ்ளோ தூரம் வந்துருக்கு?"

"பாதி வந்துருச்சு. நின்னுருச்சு. கீழ பாக்குது."

அவள் கண்ணை மூடினாள். அந்தக் குரல் வருகிற வழியில் எதிர்முகமாக நடந்து போனாள். சுவரைத் தாண்டி, குழாய்க்குள் இறங்கி, ஈர மண்ணுக்கு அடியில். தலைக்கு மேலே நாற்றுகளின் வெள்ளை வேர்கள் தொங்கின. நண்டு வளை ஒன்று பக்கத்தில் வந்து விலகிப் போனது. மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஆனால் உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அவளை உரசிக்கொண்டு போயிற்று, அதில் அவர் குரல் இருந்தது. கொக்கு நிற்கிற இடத்துக்கு நேர் கீழே வந்ததும் அவளும் நின்றாள். மேலே ஒரு கால் தெரிந்தது. ஒற்றைக் கால்.

"பாரதி, வந்துச்சான்னு கேட்டேன்."

"ம்... வந்துருச்சு."

"தூங்கிட்டியா?"

"இல்ல. நடந்துக்கிட்டிருந்தேன்."

என்ன நடை என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் என்றால் கேட்டிருப்பார். இந்த இழையில் பேசும்போது இரண்டு பேருமே கொஞ்சம் வேறு ஆட்கள்தான். இழை காதுக்கு உள்ளேயே வந்து முடிகிறது. டிவி இல்லை, குக்கர் இல்லை, முகம் பார்க்க வேண்டாம்.

"பாப்பா ஒன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்றார் திடீரென்று. பாப்பா என்றால் மகள் மேகலா, மூன்றாவது படிக்கிறவள்.

"என்ன சொல்லணும்?"

"சொல்லாதன்னு சொல்லியிருந்தேன். பரவால்ல, வாய மூடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. காலைல நீ குளிக்கப் போற நேரம், நான் அதுக்கு சடை பின்னிப் பாக்குறேன். பின்னிப் பாத்துட்டு, நீ வர்றதுக்குள்ள அவுத்து விட்டுடறது."

"நீங்களா?"

"மூணு பிரிதான, நம்ம பாக்காத பிரியான்னு நெனச்சேன். நமக்கு இழைய நீளமா ஓட்டத்தான் வருது. நுனிக்குப் போகப் போக ஒரு பக்கமா திரும்பிக்குது. இறுக்காதப்பா, வலிக்குதுங்கறா. இப்ப கொஞ்சம் தேவல."

ஜெயபாரதி ரேக்கிலிருந்து தலையை எடுத்தாள். "எப்போலேருந்து?"

"இதப் பாரு, அடுத்த ஜோடி. வந்துச்சா?"

"வந்துருச்சு. எப்போலேருந்துன்னு கேட்டேன்."

"கொஞ்ச நாளாத்தான்."

"சித்தீக் அண்ணன் போன் பண்ணினதே நேத்துதானங்க?"

அந்தப் பக்கம் ஒரு தட்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிற சத்தம். அடுத்த தட்டு வெளியே வருகிற சத்தம்.

"உனக்குத்தான பண்ணினது நேத்து" என்றார்.

"அப்படின்னா?"

"மன்னார்குடி காலேஜ்ல நீ ஒரு ரேக் முடிச்ச பாரு. முடிச்சுட்டு நீ டீ குடிக்கப் போயிட்ட. நான் அதுக்கு முன்னாடியே நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு போட்டோ எடுத்தேன். எடுத்து சித்தீக்குக்கு அனுப்பினேன். இத அடுக்குனது யாரு தெரியுதான்னு கேட்டேன். ஒன் பொண்டாட்டி கையின்னாரு. ஆள் எடுத்தா மொதல்ல அவளக் கூப்புடுங்கன்னு சொன்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான்."

"அப்பறம் என்னத்துக்கு ராத்திரிலேருந்து உன் இஷ்டம், உன் இஷ்டம்னு என் உயிர எடுக்குறீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நானே ஒருத்தர்கிட்ட சொல்லி வரவெச்சுட்டு, நானே போ போன்னும் சொன்னா, உன்ன வீட்ட விட்டு வெரட்டுற மாதிரி ஆகாதா? போகாதன்னு சொல்ல வாய் வரல. போன்னு சொல்லவும் வரல. ரெண்டுக்கும் நடுவுல கெடந்தது இந்த ஒண்ணுதான்."

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"தெரியும். எம்மேல பொறாமப் பட்டம் கட்டியிருப்ப."

"கட்டித்தான் இருந்தேன்."

"கொஞ்சம் இருந்துச்சு" என்றார் அவர். "இல்லன்னு சொல்ல மாட்டேன். போட்டோ அனுப்புன அன்னிக்கு ராத்திரி இருந்துச்சு. அப்பறம் சடை பின்ன ஆரம்பிச்சதுல மறந்துருச்சு. இது வந்துச்சா பாரு."

"வந்துருச்சு" என்றாள். சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். வந்திருந்தது. தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சை. ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் துடித்தது. யாரோ எங்கோ எதையோ அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் யாருக்கும் இந்த வயல் தெரியாது, இந்தத் தூற்றல் தெரியாது.

கடைசியாக ஒரு ஜோடி மட்டும் இருட்டாக இருந்தது. அந்த ஜோடியில் ஓர் இழையில்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்செட்டைக் கழற்றி அதையும் செருகினால்தான் வேலை முடிந்தது. ஜெயபாரதி செருகியின் வாலைப் பிடித்தாள். மெல்லிய வால், இழுத்தால் ஒரு சின்னச் சத்தத்தோடு வந்துவிடும்.

"இதுலேருந்து எடுக்கணும்ங்க" என்றாள்.

"எடுக்கலாம், இரு. அதுக்கு முன்னாடி இத வாங்கிக்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "போயிட்டு வா. மனசாரச் சொல்றேன். ஊர்ல என்ன சொல்லுவாங்க, ஏது சொல்லுவாங்கன்னு நீ பாக்காத, அத நான் பாத்துக்கறேன். போயிட்டு வா."

ராத்திரியிலிருந்து அவள் கேட்டது இதைத்தான். வந்துவிட்டது. வந்தது காதுக்குள்ளேயே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைக்கவேண்டியது அவள்தான். அவர் சொன்னால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று இருந்தவளுக்கு, மிச்சம் முழுக்கத் தன்னிடமே இருப்பது இப்போதுதான் தெரிந்தது. குளிரில் விரல் விறைத்திருந்தது. செருகியின் வால் அவள் பிடியில்தான் இருந்தது, இழுக்கவில்லை. மேகலாவின் தலையில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்ட சடை ஒன்று எதிரே ஆடியது. அதற்கு அப்பால் அவள் பார்த்திராத ஒரு நகரத்தில் உயர உயரமான ரேக்குகள், இன்னும் யாரும் கை வைக்காத இழைகள், பிரித்துவிட்டபடி தொங்கின.

அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். மழை வலுத்திருக்கவேண்டும். அவர் ஜன்னலில் விழுகிற சத்தம் இழைக்குள் வந்து, அவள் காதில் பெய்தது.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்றார். "இப்ப நீ சொல்லு பாரதி. போறியா?"