அறுபத்தோராம் பக்கத்தில் வேணு

1

2023 ஆகஸ்ட் 14 அன்று, பழவேற்காடு ஏரியின் இறால் பிடிப்பு பற்றிய ஓர் ஆய்வேடு, யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றப்பட்டது.

எழுதியவர் வைஷ்ணவி. நான் இதை எழுத உட்கார்ந்தபோது 4,312 பேர் இறக்கியிருந்தார்கள். அதே ஏரியைப் பற்றி அதே மாதம் நான் எழுதிய செய்திக்கட்டுரை சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே திறக்கும். வேலையை விட்டபின் எனக்கே திறப்பதில்லை. இந்தக் கதை அந்தப் பொறாமையில் பிறந்தது.

2

[ஏரியின் மேல் விடியற்காலை நாரைகள்...] வேண்டாம். படகிலிருந்து தொடங்குகிறேன்.

படகில் நான்கு பேர்: வைஷ்ணவி, நான், மீனவர் கங்காதரன், அவருடைய தங்கை கணவர் வேணு. ஏரித்தண்ணீரை உள்ளங்கையில் உலரவிட்டு, பிசுபிசுப்பைப் பார்த்து, இறால் எந்தப் பக்கம் நகரும் என்று கங்காதரன் சொன்னார். வேணு பீடி பிடித்தார். நான் பேச்சைப் பதிவுசெய்தேன். வைஷ்ணவி எல்லாவற்றையும் சின்னத் துண்டுச்சீட்டுகளில் குறித்துக்கொண்டு, கங்காதரனிடம் அவர் பெயரைக் கேட்டார்.

"வேணு," என்றார் கங்காதரன்.

எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை அங்கே பெயர்ச்சீட்டு குலுக்கித் தீர்ப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். வேறொரு குலுக்கலில் பெயர் போனால் தன் முறை பறிபோய்விடும் என்று வைஷ்ணவியின் சீட்டைக் கண்டதும் கங்காதரன் பயந்திருக்கிறார். வெளியூரான சுண்ணாம்புக்குளத்து வேணுவுக்கு இங்கே பாடு கிடையாது, இழக்க ஒன்றுமில்லை.*

ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில், தண்ணீரை உலரவிட்டு இறாலைக் கணிக்கும் உத்தி வேணுவின் பெயரில் இருக்கிறது.

(* என் கட்டுரையில் கங்காதரன் வெறும் "ஒரு மீனவர்". நான் பெயரே கேட்கவில்லை.)

3

ஆய்வேட்டைப் படித்த ஒடிசா மீனவர் சங்கம் ஒன்று, நேரில் வந்து கற்றுத்தரும்படி வேணுவை அழைத்தது.

"கை என்னுது, பேரு அவன்துன்னா இன்னா சார் நியாயம்?" என்றார் கங்காதரன் என்னிடம். "உன்னாண்ட அன்னிக்குப் பேசுன டேப் கீதுல்ல?"

வேணு சிரித்தார். "இன்னா மச்சான், நீயா குடுத்த பேரு. இப்ப வந்து திருப்பிக் கேக்கற?"

"நீ தண்ணில கைய வச்சியாடா?"

"வச்சனே. பீடிய அணைக்க."

அன்று மாலை வைஷ்ணவி எனக்கு எழுதினார்: "கங்காதரன் சொன்னார். ஒலிப்பதிவை அனுப்புங்கள். புதன்கிழமைக்குள் வந்தால் திருத்திய பதிப்பை ஏற்றிவிட்டு, சங்கத்துக்கும் சொல்கிறேன்."

4

பதினொரு நிமிடப் பதிவு. கங்காதரனின் குரல் தெளிவாக இருக்கிறது. அனுப்பினால் அவருக்கு அவர் பெயர் கிடைக்கும். வைஷ்ணவிக்கு, தவறைத் திருத்திக்கொண்டவர் என்ற பெயரும் சேரும். அந்த இரண்டாவதை என்னால்...

முடிவு ஒன்று: அனுப்பினேன். கங்காதரன் புதுச்சட்டையில் ஒடிசாவுக்குக் கிளம்பினார். (எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.)

முடிவு இரண்டு: பதிவு அழிந்துவிட்டது என்று வைஷ்ணவியிடம் சொன்னேன்.

இரண்டில் பிடித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நான் பதில் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை வேணு ஒடிசாவுக்குப் பொன்னேரியில் ரயிலேறினார். அறுபத்தோராம் பக்கம் மாறவில்லை. பதிவிறக்கம் 4,340.