எங்கள் புறவாசலில் சுயம்புலிங்கத்தின் கார்

சுயம்புலிங்கம் தன் காரை எங்கள் புறவாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் முதலில் செய்த காரியம், பெருமைப்பட்டதுதான். பதினைந்து வருஷமாக ஊரார் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் வீட்டில் ஒரு கார் நிற்கிறது. யாருடையதாக இருந்தால் என்ன?

“ஒரு வாரத்துக்குத்தாம்லே முத்துப்பாண்டி. செக்கிங் வாராகளாம். கார் வச்சிருக்கிற வீட்டுக்கெல்லாம் உரிமைத் தொகைய நிப்பாட்டப் போறாகளாம்” என்றார். அவர் பக்கத்து வீட்டுக்காரர். பழைய கார் ஒன்றை வைத்துக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சவாரி ஓட்டுகிறவர்.

“எங்க வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்ய?”

“ஒன் வீட்டுக்கு எவன் வருவான்? ஒனக்குத்தான் பணமே கெடயாதே!”

மறுக்க முடியாத பேச்சு. அந்த உரிமைத் தொகை, மாசம் ஆயிரம் ரூபாய், எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் வருகிறது, என் மனைவி காளீஸ்வரியைத் தவிர. காரணம் நான்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் பெரிய ஆளாகிவிடலாம் என்று எண்ணம். அது என்னைச் சுமந்ததைவிட நான் அதைத் தள்ளியதுதான் அதிகம். ஆறே மாதத்தில் கருத்தையா என்ற புரோக்கரிடம் விற்றேன். பேர் மாற்றுகிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அவரும் அதேபோல விட்டுவிட்டார். வண்டி எந்த ஊரில் ஓடுகிறதோ, கவர்மெண்ட் கணக்கில் அது இன்னும் என் வண்டி. காளீஸ்வரியின் மனு தள்ளுபடியாகிவிட்டது. கார் முதலாளியின் மனைவிக்கு எதற்கு ஆயிரம் ரூபாய்?

அந்தக் கார் முதலாளியின் மனைவி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கும்போது விசில் சத்தம் வருகிறது. டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். தினம் ரெண்டு வேளை. அவள் ரெண்டு நாளைக்கு ஒரு வேளை வைத்துக்கொள்கிறாள். கேட்டால், “இன்னைக்கு நல்லாத்தான இருக்கு” என்பாள். சில நாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பயத்தை மறைக்க ஏதாவது ஜோக் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். என் ஜோக் மட்டம் என்பது ஒரு காரணம். சிரிக்கிறதற்கும் மூச்சு வேண்டும் என்பது இன்னொன்று.

அன்று அவள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் காரைப் பின்பக்கச் சந்து வழியாகத் தள்ளியே கொண்டுவந்தோம். கார் தள்ளுவதில் எனக்குத்தான் அனுபவம் உண்டே. என் பெயிண்ட் வேலைத் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். சுயம்புலிங்கம் போய் ரெண்டு மணி நேரம் இருக்கும். வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைலோடு ஒரு பெண் இறங்கினாள்.

“காளீஸ்வரி வீடு இதுதான? மேல்முறையீடு போட்டிருக்காங்க. விசாரிக்க வந்திருக்கேன்.”

“தப்பா வந்துட்டீக மேடம். நாங்க அப்படி ஒண்ணும் போடல.”

“நாந்தான் போட்டேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காளீஸ்வரி கொண்டையை முடிந்துகொண்டே எழுந்து வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே?”

“ஒங்ககிட்டச் சொன்னா டீக்கடையில போர்டு எழுதி வச்சிருவீக.”

இதுவும் மறுக்க முடியாத பேச்சு. கவருக்குள்ளிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். புரோக்கர் கருத்தையாவைத் தேடிப் பிடித்து, என்னிடம் வண்டியை வாங்கியது அவர்தான் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கியிருக்கிறாள். அவரிடமிருந்து வண்டியை வாங்கி ஓட்டுகிறவனிடம் ஆர்.சி. நகல். பேர் மாற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்த மனுவின் ரசீது. மூன்று நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைந்திருக்கிறாள். நான் அந்த மூன்று நாளும் அவள் வேலைக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் நிதானமாகப் படித்துப் பார்த்தாள். “சரியாத்தான் இருக்கு. இப்ப வீட்டுல வேற கார் எதுவும் இல்லல்ல?”

“சைக்கிள்கூட இல்ல மேடம்” என்றாள் காளீஸ்வரி.

“சரி. வீட்டைச் சுத்திப் பாத்துட்டு ரெண்டு போட்டோ எடுத்துக்கிடுதேன்.”

நான் குறுக்கே போய் நின்றேன்.

“மேடம், ஒரு டீ குடிச்சிட்டு...”

“வேண்டாங்க.”

“புறவாசல்ல பாம்பு கெடக்கு மேடம். மலையிலருந்து எறங்கி வந்துருது.”

“நானும் மலையடிவாரந்தான், செண்பகத்தோப்புக்காரி. பாம்புதான் என்னப் பாத்துப் பயப்படும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

மேற்கேயிருந்து வீசிய காற்று தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

“அது என்ன?”

“பெயிண்ட் டப்பா மேடம்.”

“டப்பாவுக்கு டயர் இருக்கே.”

காளீஸ்வரி தார்ப்பாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபாய் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். சவாரிக் காசு முழுக்க அவள் புருஷன் சட்டைப்பையில் இருக்கும். கறிவேப்பிலைக்குக்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்காமல் அவள் கைக்கு வருவது அந்த ஆயிரம் ஒன்றுதான். கார் யாருடையது என்று ஒரு பேரை நான் சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் என் மனைவியின் மருந்து போய்விடும். 

காளீஸ்வரிதான் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

“இது எங்க வண்டி இல்ல மேடம். நம்பரப் போட்டுப் பாருங்க.”

பேரை அவளும் சொல்லவில்லை. அந்தப் பெண் செல்போனில் நம்பரைத் தட்டினாள். செல்போனுக்குள் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் சிக்னல் மெதுவாகத்தான் வரும்.

“சுயம்புலிங்கம்னு காட்டுது. யாரு அது?”

காளீஸ்வரி தார்ப்பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“எதுக்கு இங்க நிக்கு?”

“பெயிண்ட் அடிக்கத் தந்திருக்காக மேடம்” என்றேன்.

“நீங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்னுல்ல எழுதியிருக்கு?” அவள் என்னைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். தங்கபாய் சட்டென்று குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். சிமெண்ட் தரையில் ஒரு குப்பை இல்லை.

பிறகு அந்தப் பெண் ஃபைலைத் திறந்து எழுதினாள். ரெண்டு வரி. வண்டி எங்களுடையது இல்லை என்று எழுத ஒரு வரி போதும். ரெண்டாவது வரியை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் தங்கபாய் மதிலைத் தாண்டாத குறையாக வந்தாள். “நம்பர மட்டுந்தான பாத்தா? பேர எழுதிக்கிடலல்ல? ஏட்டி, சொல்லேன்.”

“தெரியலக்கா. நான் கவனிக்கல.”

“நீதான பக்கத்துல நின்ன?”

“தெரியலக்கா.”

அன்று சாயங்காலமே சுயம்புலிங்கம் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பிளவக்கல்லில் மச்சினன் தோப்பில் விட்டார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காளீஸ்வரியும் என்னைத் திட்டவில்லை. சோறு போடும்போது மட்டும் கேட்டாள்.

“எவனாவது எதையாவது கொண்டுவந்து வச்சா, எங்கிட்டக் கேக்கணும்னு தோணாதா ஒங்களுக்கு?”

“தூங்கிக்கிட்டு இருந்தியே.”

“நாலு வருஷமாவா தூங்கிக்கிட்டு இருக்கேன்?” என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

அடுத்த மாதம் மனு ஏற்கப்பட்டது என்று செய்தி வந்தது. இதை நான் டீக்கடையில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ரகசியம் காத்தது இது ஒன்றுதான். அதற்கடுத்த பதினைந்தாம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குக் காளீஸ்வரியின் செல்போன் ‘டிங்’ என்றது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். ஆயிரம் ரூபாய் ஏறியிருந்தது. ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் செல்போனைச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு புறவாசலுக்குப் போய் மதிலோரம் நின்றாள்.

நானும் போய் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றதும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். எங்கேயோ நாய் குரைத்தது. ‘டிங்’ சத்தம் எதுவும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கபாயின் தலை மதிலுக்கு மேலே தெரிந்தது. கையில் செல்போன்.

“ஏட்டி காளி, ஒனக்கு வந்துருச்சா?”

“இன்னும் வரலக்கா” என்றாள் காளீஸ்வரி.

“அப்படியா?” தங்கபாய் முகம் தெளிந்தது. “அப்பம் எல்லாருக்கும் சாயங்காலந்தான் போடுவாகபோல. நான் வேற பயந்துபோய்க் கெடந்தேன்.”

“ஆமாக்கா. சாயங்காலம் வந்துரும்.”

அவள் உள்ளே போனாள். காளீஸ்வரி அசையவில்லை. நான் கையைப் பிடித்தேன். 

“வா, மருந்துக் கடைக்குப் போயிட்டு வருவோம்.”

“செத்த நேரம் இருங்க” என்றாள் அவள். “சாயங்காலம் வரட்டும்.”