அலமாரியில் இரண்டு பாட்டில்

தலைக்கு ஒரு பாட்டில் ஒயின். கப்பல்காரர்கள் அவ்வளவுதான் விடுவார்கள். அதுவும் ஏறுகிற நாளன்று, கைப்பையில், மூடி திறக்காமல் கொண்டுவர வேண்டும். பெரிய பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே ஒளித்துவைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். இந்த விதியைப் படித்த நாளிலிருந்து அனிபால் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் அவன் மனைவி மிர்த்தாவும் இரண்டு தலை. தம்பி எவரிஸ்தோவும் தம்பி மனைவி நெலிதாவும் இன்னும் இரண்டு தலை. அந்த இரண்டும் இப்போது குடிக்காத தலைகள். குடிக்காதவர்களின் பங்கு வீணாய்ப் போவதை ஒயின் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் எப்படிப் பொறுப்பான்?

புவனோஸ் ஐரஸ் துறைமுகத்தில் வரிசை நகராமல் நின்றது. ஜனவரிக் கோடை வெயிலில் எல்லார் முகத்திலும் எண்ணெய் வழிந்தது. அனிபால் தன் பையிலிருந்து இரண்டு பாட்டிலை உருவி, கேட்காமல் கொள்ளாமல் நெலிதாவின் தோள்பைக்குள் செருகினான்.

"இந்தா நெலிதா, உன் பங்கு ஒண்ணு, உன் புருஷன் பங்கு ஒண்ணு."

"எங்க பை ஏற்கெனவே கனமா இருக்கு, அனிபால்."

"ரெண்டு பாட்டில்ல என்ன கனம்? கப்பல்காரன் ஊத்துற கழுநீரைக் குடிச்சா என் பொண்டாட்டிக்கு அறுபது வயசு கொண்டாடுறது? இது நம்ம ஊர் மல்பெக் ஒயின். நாளை மறுநாள் பிறந்தநாள் சாப்பாட்டுல திறக்குறோம். உன் புருஷனும் ஒரு வாய் நனைச்சுக்கட்டும், செத்தா போயிடுவான்?"

மிர்த்தா சிரித்தாள். எவரிஸ்தோவும் சிரித்தான். நெலிதா பையின் வாயை இழுத்து மூடினாள்.

செத்துத்தான் போவான். அதுதான் விஷயம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, மெந்தோசாவில் அவர்கள் வீட்டு வாசலில் ஓடும் தெருக் கால்வாயில், கணுக்கால் அளவு தண்ணீரில் எவரிஸ்தோ குப்புற விழுந்து கிடந்தான். புரட்டிப் போட்டவள் நெலிதா. உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை ஆரம்பிச்சா இந்த ஈரல் தாங்காதும்மா. அப்ப என்கிட்டக் கூட்டிட்டு வராதீங்க, பாதிரியாரைக் கூப்பிடுங்க." அன்றிலிருந்து அவன் ஒரு சொட்டு தொடவில்லை. ஒயினுக்குப் பதில் காலையிலிருந்து இரவுவரை மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். வெந்நீர்க் குடுவை எந்நேரமும் அவன் கக்கத்தில் இருக்கும்; கழிப்பறைக்குப் போனாலும் அது கூடவே போகும்.

இது அண்ணன் குடும்பத்துக்குத் தெரியாது. ஈரலுக்கு மாத்திரை சாப்பிடுகிறான், கொஞ்ச காலம் ஒயின் கூடாது என்று ஒரு கதை சொல்லி வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்கு அவன் போவதற்கு சீட்டாட்டம் என்று பெயர். உண்மையைச் சொல்ல எவரிஸ்தோவுக்கு வாய் வரவில்லை. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் ஒயின் இல்லையென்றால் யார் செத்தது என்று விசாரிப்பார்கள். எவ்வளவு குடித்தாலும் அங்கே எவனும் குடிகாரன் இல்லை. வேண்டாம் என்று கோப்பையைக் கவிழ்க்கிறவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். கப்பல் சீட்டை அண்ணன் வாங்கி நீட்டியபோதும் மறுக்க ஒரு காரணம் கிடைக்காமல்தான் இந்த வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

சோதனை மேஜையில் இருந்த பெண் இரண்டு பாட்டிலையும் வெளியே எடுத்து, அறை எண் எழுதிய ஒட்டுக்காகிதத்தை ஒட்டினாள்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான். அவங்கவங்க பாட்டிலை அவங்கவங்க கையில பிடிங்க."

"நானே ரெண்டையும் எடுத்துக்கிறேனே," என்றாள் நெலிதா.

"விதி அப்படி இல்லீங்க. சார், பிடிங்க."

எவரிஸ்தோ கை நீட்டி வாங்கினான். அறுக்கக் கொண்டுபோகும் கோழியைப் பிடிப்பதுபோல் கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளியே வைத்துக்கொண்டு நடந்தான். கப்பலுக்குள் போகும் வரை நெலிதா அவன் விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. துறைமுகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

ஏறிய கையோடு பாட்டில்களை அண்ணன் அறையில் கொடுத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அனிபால் தலையாட்டி மறுத்துவிட்டான்.

"என் அறை பால்கனி அறை. சாயங்கால வெயில் நேரா உள்ள அடிக்கும், ஒயின் கெட்டுப்போயிடும். எங்க பங்கு ரெண்டை இன்னைக்கே குடிச்சிடுவோம். உங்களுது சன்னல் இல்லாத அறை, குகை மாதிரி இருட்டு. ஒயினுக்கு அதைவிட நல்ல இடம் ஏது? ரெண்டு ராத்திரி அங்கயே தூங்கட்டும்."

இரண்டு ராத்திரி. அந்த ஒயினோடு அவள் புருஷனும் அதே குகையில் தூங்க வேண்டும்.

எவரிஸ்தோ பாட்டில்களை அலமாரிக்குள், உயிர்காப்பு உடுப்புகளுக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். சாத்திய கதவில் பார்க்க என்ன இருக்கிறது?

"கிழவா, மாத்தே போடட்டுமா?"

"வேண்டாம்."

இரண்டு வருஷத்தில் அவன் மாத்தே வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

கப்பல் ஊதியது. தரை லேசாக நடுங்க ஆரம்பித்தது. நெலிதா முகம் கழுவக் குளியலறைக்குள் போனபோது, "அண்ணனைப் பாத்துட்டு வரேன்" என்று அவன் குரல் கேட்டது. கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. அவள் துண்டோடு வெளியே வந்தாள். வெந்நீர்க் குடுவை மேஜைமேல் இருந்தது.

குடுவையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அலமாரியைத் திறந்தாள். இரண்டு பாட்டிலும் இருந்தன. அதில் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. இந்தக் கப்பலில் குடிக்க ஒரு மனிதனுக்கு அலமாரி எதற்கு? தேவாலயம் என்று ஒரு மூலையில் ஒரே ஒரு அறை. மதுக்கூடம் மட்டும் தளத்துக்குத் தளம். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். மாடிப்படி பக்கத்து மதுக்கூடத்தில் பார்த்தாள். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில், பியானோ வாசிக்கிற இடத்தில், எங்கும் பார்த்தாள். கரை விலகுவதைக் கொண்டாட எல்லார் கையிலும் கோப்பை. நரைத்த பிடரி தெரிந்த இடத்துக்கெல்லாம் ஓடினாள். கிட்டே போனால் வேறு யாரோ. அண்ணன் அறைக்கே போய்த் தட்டலாம். அங்கே அவன் இல்லையென்றால்? இல்லை என்று தெரிந்துகொள்ளும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை.

திரும்பி அறைக்கு வந்தாள். கப்பல் முழுக்க இருக்கும் மதுவை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த இரண்டையாவது ஒழிக்கலாம். அனிபால் கேட்டால் கை தவறி உடைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கத்தினால் கத்தட்டும்.

தக்கையைத் திருகி எடுக்கும் கருவி அவளிடம் இல்லை. அவர்கள் வீட்டில் அது இருந்தே இரண்டு வருஷம் ஆகிறது. தலைவாரும் பிரஷ்ஷின் மரப்பிடியைத் தக்கைமேல் வைத்து, பாட்டிலைக் குளியலறைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். தக்கை அசையவில்லை. அழுதுகொண்டே அழுத்தினாள். சட்டென்று தக்கை உள்ளே இறங்கியது; ஒயின் பீறிட்டு அவள் வெள்ளைச் சட்டை, முகம், சுவர் எல்லாவற்றிலும் தெறித்தது. எழுந்து கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். தக்கை அடைத்து அடைத்து, ஒயின் விக்கி விக்கி இறங்கியது.

அப்போதுதான் வாசனை அவளுக்கு உறைத்தது. ஊரில் எதைக் கொட்டினாலும் சன்னலைத் திறந்துவைத்தால் மலைக்காற்று கொண்டுபோய்விடும். பழக்கம் விடாமல் அவள் கை சுவரில் சன்னலைத் தேடியது. இங்கே சன்னல் இல்லை. மேலே ஒரு துவாரம் குளிர்காற்றை ஊதி ஊதி அந்த வாசனையைக் கட்டில், திரை, தலையணை என்று ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. பாட்டிலுக்குள் அடங்கிக் கிடந்ததை அவளே அறை முழுக்க நிரப்பிவிட்டாள். துண்டால் துடைத்தாள். சோப்பைக் கரைத்து ஊற்றினாள். சோப்பு வாசனைக்கு மேலே ஒயின் ஏறி நின்றது.

கதவில் சாவி அட்டை வைக்கும் சத்தம் கேட்டது.

எவரிஸ்தோ முதலில் வந்தான், பின்னாலேயே அனிபால். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. குளியலறை வாசலிலேயே, காலி பாட்டில் கையில் இருக்க, அசையாமல் நின்றாள்.

அனிபாலின் மூக்கு வேலை செய்தது. முப்பது வருஷ மூக்கு.

"எவரிஸ்தோ," என்றான் மெதுவாக. "இவ்வளவு நேரம் என் பால்கனியில உக்காந்து என்னடா சொன்ன? கால்வாய்ல கிடந்தது, ஈரல், செவ்வாய்க்கிழமைக் கூட்டம், எல்லாம் சொல்லி என்னையும் அழ வெச்ச. பாட்டிலை நீயே வந்து எடுத்துக்கோ, அது இருக்குற அறையில என்னால இருக்க முடியலைன்னு கையைப் பிடிச்ச. அதுக்கு முன்னாடியே ஒண்ணைத் திறந்து, நெலிதா பிடுங்குற வரைக்கும் போயாச்சா?"

"நான் தொடல."

"இந்த வாசனை?"

"எனக்குத் தெரியாது. நான் தொடல."

"வாயைத் திற."

எவரிஸ்தோ வாயைத் திறந்தான். அறுபதை நெருங்கும் மனிதன், பள்ளிக்கூடத்துப் பையன்போல அண்ணன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அனிபால் குனிந்து மோந்து பார்த்தான்.

நானேதான் திறந்து கொட்டினேன் என்று நெலிதா அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அனிபால் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்தாள்.

"காபி," என்றான் அனிபால். "நான் கொடுத்த காபி வாசனை மட்டும்தான்."

எவரிஸ்தோ வாயை மூடினான். அண்ணனைப் பார்க்கவில்லை. நெலிதாவின் சட்டையை, கையில் இருந்த பாட்டிலை, கடைசியில் முகத்தைப் பார்த்தான்.

"நீயும் காத்துக்கிட்டுதான இருந்த?" என்றான்.

"நான்தான் திறந்து கொட்டினேன், கிழவா. குடுவையை விட்டுட்டுப் போயிட்ட. எல்லா இடத்துலயும் தேடினேன். பயந்துட்டேன்."

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நினைச்சுக்கிட்டே போனேன். குடுவை ஞாபகமே வரல." அவன் ஒரு அடி பின்னால் வைத்து நடைவழிக்குப் போனான். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்த்திருந்தது. "நெலிதா, என்னால உள்ள வர முடியாது. இந்த வாசனை. தயவுபண்ணி அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினாள். மூன்று பேரும் நடைவழிக் கம்பளத்தில் நின்றார்கள். எவரிஸ்தோ சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினான்.

அனிபால் தலையைச் சொறிந்தான். "நீங்க ரெண்டு பேரும் என் அறைக்குப் போங்க. நானும் மிர்த்தாவும் இங்க படுத்துக்கிறோம். கல்யாணம் ஆனதுலருந்து அவ என்கூட இந்த வாசனையிலதான படுக்குறா, புதுசா என்ன." கொஞ்சம் நிறுத்தி, "அங்க இருக்கிற ரெண்டு பாட்டிலையும் நான் முதல்ல எடுத்துடுறேன். இங்க மிச்சம் இருக்கிறதையும் சேத்துக் கப்பல்காரன்கிட்டயே கொடுத்துடுறேன், இறங்கும்போது தரட்டும். பிறந்தநாளுக்கு எல்லாரும் பச்சத்தண்ணி குடிச்சா போச்சு," என்றான். தம்பியின் தோளைத் தொட வந்த கை, தொடலாமா என்று தெரியாமல் பாதியிலேயே நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லடா. வரிசையில நின்னு நான் பேசின பேச்சு என்ன பேச்சு."

சொன்னபடியே செய்தான். மிர்த்தா ஒரு கேள்வி கேட்காமல் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது நெலிதாவுக்கு ஒரு சுத்தமான சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

பால்கனி அறையில் மாலை வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அனிபால் சரியாகத்தான் சொல்லியிருந்தான். கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கப்பலைச் சுற்றி எந்தப் பக்கமும் ஆற்று முகத்துவாரத்தின் பழுப்புத் தண்ணீர். எவரிஸ்தோ வெந்நீர்க் குடுவையை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

நெலிதா சட்டையை மாற்றிக்கொண்டாள். மாற்றிய சட்டையைத் தொங்கவிடுவதுபோல் அலமாரிப் பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். உயிர்காப்பு உடுப்புகளைத் தள்ளிப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். திரும்பியபோது எவரிஸ்தோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டிலுக்கு அடியில பாக்கல," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. "அங்கயும் பாத்துடு. தினம் பாரு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்ல கிழவா, நான் சும்மா..."

"பாரு நெலிதா. எனக்கும் பயமா இருக்கு."

இல்லை, நான் உன்னை நம்புகிறேன் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் முழங்கால் மடிந்துவிட்டது. கம்பளத்தில் மண்டியிட்டு, கன்னம் தரையில் பட, கட்டிலுக்கு அடியில் கடைசி மூலைவரை பார்த்தாள்.