கலங்கிய ஏரிக்கு ஒரு பொய் இரை

1

இந்தக் கதை எனக்கு விவேக் நகரில், ஒரு தையல் சாமான் கடையில் கிடைத்தது. ஒருவர் சரிகை நூலை வாங்கி, மீன் நெளிவதைப்போல் காற்றில் இழுத்துப் பார்த்தார். நான் கண்டது அவ்வளவுதான். ஆம்ப்ரோஸ் என்ற பெயரும், மனைவி டோரதியும், மற்றதெல்லாமும் என் கைச்சரக்கு.

தொடக்கம்: ‘அந்திச் செம்மை ஏரியெங்கும் பொன்னை இறைக்க, ஆம்ப்ரோஸ் தன்...’

(நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.)

2

ஆம்ப்ரோஸ் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பொய் இரை செய்பவர். தூண்டில்காரர்கள் அதை ஃப்ளை என்பார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஓர் ஏரி. தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். உள்ளே சின்ன மீன்களை விழுங்கித் திரியும் விரால்கள். அவர் கட்டிய ஃப்ளையை இதுவரை ஒரு விரால்கூடச் சீண்டியதில்லை. இந்த ஞாயிறும் கடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதாக டோரதியிடம் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

(அது அதிகம். இரண்டாம் தடவை ரசம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.)

3

சனிக்கிழமை, பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, சிவப்பும் வெள்ளியுமான புது ஃப்ளையை அதில் நீந்தவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அந்த ஏரித் தண்ணி இப்படியா இருக்கும்?” என்றாள் டோரதி.

“இல்ல. ஏன்?”

அவள் ரோஜாத் தொட்டியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிவந்து பக்கெட்டில் போட்டுக் கலக்கினாள்.

“இப்போ உங்க கலர் எங்க?”

பளபளப்பு முழுவதும் காணாமல் போயிருந்தது.

“சும்னே, வீணா என் கண்ணுக்குப் பிடிச்ச மாதிரியே கட்டிட்டு இருந்திருக்கேன், டோரா,” என்றார். வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அவருக்கு அதிகம்.

அன்றே முழுக் கறுப்பில் ஒன்று கட்டினார். தலையைப் பருமனாக வைத்தார். இழுத்தால் அது தண்ணீரை முட்டித் தள்ளும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரால் அந்த அதிர்வை உடம்பால் அறிந்துகொள்ளும். அழகு மருந்துக்கும் இல்லை.

(என் அந்திச் செம்மையை இங்கே அடித்துவிடுகிறேன். நானும் குழாய்த் தண்ணீரில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

4

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவருமே ஏரிக்குப் போனார்கள். கறுப்பு ஃப்ளை பாசி ஓரமாக விழுந்தது. ஆம்ப்ரோஸ் இழுத்தார், நிறுத்தினார், மறுபடி இழுத்தார். தண்ணீர் பிளந்தது. கோல் வளைந்தது.

“கடிச்சிடுச்சுங்க,” என்றாள் டோரதி, அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விரால் கரைக்கு வருகிறது. மற்றதில் நூல் அறுந்துபோகிறது. இரண்டிலும் ஆம்ப்ரோஸ் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார், நான் என்ன செய்ய? மீன் உங்கள் பாடு. ஆனால் திங்கட்கிழமை அவர் அடுத்த ஃப்ளையைக் கட்ட உட்காருவார். அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.