பின்பக்கம் இல்லாத அத்தை

கடைசி முறையாகக் குளிப்பாட்டுவதற்காக ஸத்யபாமா அத்தையைத் தோளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தபோது, ஸஞ்சனாவின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் நழுவி வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இப்ப படம் எடுத்துக்கோடி. இனிமே அசைய மாட்டா. பின்பக்கம் ஒண்ணுதானே பாக்கி?" என்றாள் அம்மா கோதா. அழுதுகொண்டே சொன்னதால் கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

பாக்கி என்னவோ உண்மைதான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவங்கள் செய்யும் வேலையை ஸஞ்சனா வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டிருந்தாள். ஓர் ஆளை அசையாமல் உட்காரவைத்து, சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அந்த ஆளையே அச்சாக வடித்துத் தந்துவிடும். அவள் வேலை கேட்டிருந்த பெங்களூர் கம்பெனி, இந்த வாரத்துக்குள் ஒரு முழுத் தலை செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார நேரம் இருந்தது அப்பாவின் அக்காவுக்கு மட்டும்தான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், டெலிஃபோன் ஆபீஸில் ரிட்டயர் ஆனவள்.

"என்னை என்ன வேஷத்துல போடப்போறே?"

"சந்தையில காய் விக்கறவ, அத்தை."

"சூப்பர்வைசரா இருந்தவ நான். காய் விக்கணுமா? அரண்மனைல ஏதாவது காலி இருக்கா பாரு."

அரண்மனையில் இடம் கிடைத்தது. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஸஞ்சனா காமிராவோடு சுற்றினாள். அத்தையும் கூடவே சுற்றினாள்.

"திரும்பாதேங்கோ அத்தை. நான்தான் சுத்தணும்."

"பேசறவா மூஞ்சியைப் பாக்காம உட்காந்திருந்தா மரியாதையா இருக்குமா?"

கம்ப்யூட்டரில் நாற்காலி வந்தது, சுவர்க் காலண்டரின் தேதிகூட வந்தது. நாற்காலியின் மேல் ஆறிப்போன உப்புமா மாதிரி ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நாற்காலி நன்னா வந்திருக்கு" என்றாள்.

அடுத்த முறை அசையாமல்தான் உட்கார்ந்தாள், ஆனால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு. பின்பக்கமும் வேண்டும் என்று ஸஞ்சனா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். "என்னைப் பாக்கணும்னா முன்னால வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் அத்தை. முன்னாலிருந்து பார்த்தால் உயிரோடு அத்தை, மோவாய் மச்சம் உட்பட. திருப்பினால் கொட்டாங்கச்சியின் உட்பக்கம்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தையின் பின்னந்தலையில் அப்பளம் அளவுக்கு முடி கொட்டிப்போயிருந்தது. அதை மறைத்துச் சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது அந்த வீட்டின் சட்டம். "அக்கா கொண்டை மட்டும் என்னிக்கும் ஒரே மாதிரி" என்று அப்பா மெச்சிக்கொள்வார்.

இப்போது அது கண்ணெதிரே ஈரமாக, வெளுப்பாக, குழந்தையின் தலைபோல இருந்தது. குளியலறை ஜன்னலிலிருந்து நிழல் விழாத வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் ஸஞ்சனா தேடிய வெளிச்சம். ஃபோனை எடுத்துத் துடைத்தாள். பொத்தானுக்குக் கட்டைவிரல் போயிற்று. அத்தை இன்னும் திரும்பவில்லையே என்று ஒரு கணம் காத்திருந்தாள். அப்புறம் ஃபோனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, சவுரி எங்கே?" என்றாள்.

"அது எதுக்குடி? படுக்கவெச்சா யாருக்குத் தெரியப்போறது?"

"அது இல்லாம அத்தையை அனுப்ப முடியாது."

அலமாரியில் இல்லை. தலையணைக்கு அடியில் இல்லை. காரியம் செய்துவைக்க வந்திருந்த வாத்யார் கூடத்திலிருந்து, "ஆயிடுத்தா? நாழியாறது" என்று குரல் கொடுத்தார்.

"என்னத்தைத் தேடறேள்?" என்று அப்பா பராசரன் எட்டிப்பார்த்தார்.

"ஒரு சாமான்" என்றாள் அம்மா.

அப்பா ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். "சனிக்கிழமைன்னா அலசி மாடில காயப்போடுவா" என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டார்.

மாடிக் கொடியில், அப்பாவின் இரண்டு பனியன்களுக்கு நடுவில், கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அலசிப் போட்டுவிட்டுக் கீழே வந்தவள்தான். காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். சவுரி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸஞ்சனா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஹேர் டிரையரைப் போட்டாள்.

"என்ன சத்தம்?" என்று வாத்யார் கேட்டது காதில் விழுந்தது.

"மிக்ஸி" என்றார் அப்பா.

சாவு வீட்டில் என்ன அரைக்கிறார்கள் என்று வாத்யார் கேட்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் அம்மா சொன்னாள்.

கொண்டை போட்டு நாலு ஊசி குத்தினாள் ஸஞ்சனா. ஒன்று கோணலாகப் போக, எடுத்து மறுபடி குத்தினாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

சாயங்காலம் ஸஞ்சனா லாப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அத்தையின் உருவத்துக்கு ஏதோ கட்டளைகள் அடித்தாள். ஈரத் துண்டோடு அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடிச்சுட்டியா?"

"ஆயிடுத்து அப்பா. பின்பக்கம் இல்லாம இப்படியேதான் அனுப்பப்போறேன். வேலை குடுத்தா குடுக்கட்டும்."

திரையில் அரண்மனை முற்றம். நடுவே பட்டுப்புடவையில் அத்தை. எந்தப் பொத்தானை அழுத்தினால் கிட்டே போகலாம் என்று அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டார். இடது பக்கமாகப் போனார். அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். வலது பக்கம் போனார். அதற்கும் திரும்பினாள். தூணுக்குப் பின்னால் மறைந்து, சட்டென்று ஓடிச் சுற்றிவரப் பார்த்தார்.

"பின்னால போகவே விடமாட்டேங்கறாளே" என்றார்.

"விடமாட்டா."

அப்பா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை திரும்பிக்கொண்டே இருந்தாள்.