மதியப் பாடவேளையின் காற்று

பத்தாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘தாலாட்டு’. மதியச் சாப்பாடு முடிந்ததும் வரும் பாடவேளை அவருடையது. அவர் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பின்வரிசை சாயும். பிறகு நடுவரிசை. முன்வரிசை மட்டும் மரியாதைக்காகக் கண்ணை அகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகள் தூங்கத்தானே செய்கிறார்கள், பொய்யா சொல்கிறார்கள்?

அந்த வருடம் பள்ளியைப் புதுப்பித்தார்கள். கரும்பலகை போய், தொட்டால் நகரும் ஸ்மார்ட் போர்டு வந்தது. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு டேப்லெட். போர்டில் வெயில் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கனத்த கர்ட்டன்களைத் தொங்கவிட்டார்கள். புழுங்கக் கூடாதென்று ஏசி. தாலாட்டு சந்தோஷப்பட்டார். சுழலும் பூமி, ஊரும் மேகம், வீசும் காற்றுக்கு ஓர் அம்புக்குறி என்று வீட்டில் உட்கார்ந்து பாடம் பாடமாகத் தயாரித்தார். பலன் என்னவென்றால், முன்வரிசையும் சாய்ந்தது.

“நான் பேசுனாலே தூக்கம் வருமா?” என்று ஓர் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கேட்டார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

“தூக்க மாத்திரை கேட்டு வர்றவங்கள உங்ககிட்ட அனுப்பலாமான்னு நானே யோசிச்சிருக்கேன்,” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அடுத்த வாரம் காற்று மண்டலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போர்டில் நீல அம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ‘ஏன்’ என்றே பெயர் வாங்கிய பெண். இந்தப் பாடவேளையில் மட்டும் அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பாள். அவள் கை உயர்ந்ததே அதிசயம்.

“சார், இது ஏறிக்கிட்டே இருக்கு.”

காலையில் அறிவியல் ஆய்வகத்தில் கொடுத்த கருவி ஒன்று அவள் மேசையில் இருந்தது. உள்ளங்கை அளவு டப்பா. காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறதென்று எண்ணில் காட்டும். அணைக்க மறந்துவிட்டாள்.

“நாம விடுற மூச்சுதான் சார். வெளிய நானூறு சொச்சம்தான் இருக்கும். இங்க ரெண்டாயிரத்த தாண்டிருச்சு.”

“தாண்டினா என்ன?”

“தலை கனக்கும், தூக்கம் வரும்னு சயின்ஸ் மேடம் சொன்னாங்க.”

வகுப்பு சிரித்தது. தூங்கியவர்கள் விழித்து, எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார்கள். தாலாட்டு மட்டும் சிரிக்காமல் மேலே பார்த்தார்.

“அப்ப ஏசி?”

“அது உள்ள இருக்கிற காத்தையே குளிர வெச்சுச் சுத்தி விடுது சார். வெளிக்காத்து வர்றதில்ல.”

அவர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். உலகத்துக் காற்றெல்லாம் அதில் வீசிக்கொண்டிருந்தது. அறையில் ஒரு கர்ட்டன்கூட அசையவில்லை.

“சரி, பாடம் கிடக்கட்டும்,” என்றார். “காத்துதான் காரணம்னு எப்படி நிச்சயம் பண்றது?”

அன்று மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஒரு நாள் மூடியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தூக்கத்தை எப்படி அளப்பது? “நான் எப்ப சாயறேன்னு பாத்துக்குங்க சார், அதவிடத் துல்லியமா ஒரு மெஷின் கிடையாது,” என்றான் பின்வரிசை நெட்டையன். கடைசியில் ‘ஏன்’ தன் டேப்லெட்டில் ஒரு சின்ன விளையாட்டுக்கு நிரல் எழுதினாள். பச்சைப் புள்ளி தோன்றியதும் தொட வேண்டும். யார் எவ்வளவு தாமதமாகத் தொட்டார்கள் என்பதை அது பதிந்துகொள்ளும். பாடத்துக்கு நடுநடுவே எல்லோரும் புள்ளியைத் தொட்டார்கள்.

ஜன்னலைத் திறக்கக் காவலாளியிடம் கைப்பிடியை வாங்கி மாட்டினார்கள். மூன்றாம் நாளே தலைமையாசிரியை வந்து வாசலில் நின்றார். வெயில் போர்டில் விழுந்து பாதிப் படம் வெளுத்திருந்தது.

“எத்தனை பேர் கால்ல விழுந்து இந்த ரூமை ரெடி பண்ணியிருக்கேன் தெரியுமா சார்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு.”

சுருக்கென்றிருந்தது தாலாட்டுக்கு. ஆனாலும், “கூடம் கோணலா இல்லையான்னுதான் அளந்துக்கிட்டிருக்கோம் மேடம். ரெண்டு வாரம் குடுங்க,” என்றார்.

தலைமையாசிரியை அவர் முகத்தைப் பார்த்தார். விழித்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “ரெண்டே வாரம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெடு முடிந்த அன்று ‘ஏன்’ எல்லாவற்றையும் போர்டில் கோடுகளாக வரைந்து காட்டினாள். ஜன்னல் மூடிய நாட்களில் தாமதம் ஏறியிருந்தது. திறந்த நாட்களில் பெரும்பாலும் இறங்கியிருந்தது. வகுப்பு கைதட்டியது. அவள் மட்டும் உட்காராமல் பேனாவைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“சொல்லு.”

“ரெண்டு நாள் ஒத்து வரல சார். இந்த நாள் ஜன்னல் மூடித்தான் இருந்துச்சு, ஆனா எல்லாரும் டக்குடக்குனு தொட்டிருக்காங்க. எந்த ஜன்னலைத் தெறந்தா காத்து குறுக்க ஓடும்னு நாங்க சண்டை போட்ட நாள் அது.”

“இன்னொண்ணு?”

அவள் தரையைப் பார்த்தாள். “அன்னிக்கு ஜன்னல் நல்லாத் தெறந்திருந்துச்சு சார். நீங்க ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்… நீங்களே பேசுனீங்க.”

தாலாட்டுக்குக் காது சூடேறியது. அந்தக் கோடு மலையேறுவதுபோல் ஏறிப் போயிருந்தது. அவர் கிட்டே போய், விரலால் அதைத் தொட்டுத் தொடர்ந்தார். கோடு ஓரிடத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. அது எந்த இடம்? தாம் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? சூட்டையும் மீறி அது தெரிய வேண்டும் போலிருந்தது.

“இங்க என்ன நடந்துச்சு?” என்று வகுப்பைத் திரும்பிக் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை என்று பிள்ளைகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அங்க ஒரு வரையறை சொல்லி எழுதச் சொன்னீங்க சார்,” என்றான் நெட்டையன். “எழுதினா அப்புறம் கேக்க ஒண்ணும் இல்லல்ல.”

மாலையில் கோடுகளோடு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். “கூடமும் கோணல், ஆட்டமும் சுமார் மேடம்,” என்றார். தாம் பேசியே தூங்கவைத்த நாளின் கோட்டையும் அவராகவே காட்டியதில்தான் தலைமையாசிரியை ஜன்னல் கோடுகளை நம்பினார். போர்டை வெயில் படாத சுவருக்கு மாற்றினார்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்தே இருந்தன. மற்ற வகுப்பறைகளையும் அந்தப் பிள்ளைகளே அளந்து சொல்லட்டும் என்று உத்தரவானது.

தாலாட்டு தம் பாடங்களைக் கலைத்துப் போட்டார். சுழலும் பூமியை விட்டுவிடவில்லை, ஆனால் அதைச் சுற்றிவிட்டு, “இங்க மழை பெய்யுமா, பெய்யாதா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினார். சும்மா இருப்பது பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சில நாள் பழைய பழக்கத்தில் பேசிக்கொண்டே போவார், யாராவது டேப்லெட்டைத் தூக்கிப் பச்சைப் புள்ளியைக் காட்டுவார்கள், நிறுத்திக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்ததும் வகுப்பு கருவிகளோடு வெளியே கிளம்பியது. வாசல், பஸ் நிறுத்தம், மைதான ஓரத்து மரத்தடி. ஒரு வாரம் கழித்து ‘ஏன்’ அவரிடம் ஓடிவந்தாள்.

“சார், மரத்தடியில காலைல வந்ததும் பாத்தா எண்ணு ஜாஸ்தியா இருக்கு, மதியம் கொறையுது. பஸ் ஸ்டாப்புன்னா காலைல வண்டிப் புகை, சரி. மரத்துக்கு ஏன் சார்?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இரண்டு மூன்று காரணங்கள் தோன்றின. எதுவும் நிச்சயமாக இல்லை.

“தெரியலயே,” என்றார். சொல்லும்போதே அவர் கால் மரத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.