ஒன்பதாவது விதியும் பத்தாவது படமும்

டோக்கன் அக்கா எடுத்த புகைப்படங்களில் இருப்பவர்களுக்கு முடி வளரும். முடி மட்டுமல்ல, வெளியே அந்த ஆள் தொப்பை போட்டால் படத்திலும் போடுவார், கண்ணாடி மாற்றினால் அங்கேயும் மாற்றுவார். பின்னால் இருக்கும் சுவரும் மரமும் மட்டும் எடுத்த அன்று இருந்தபடியே இருக்கும். டோக்கன் அக்கா என்பது, பல் டாக்டரிடம் வேலை பார்த்துப் பதினோரு வருடம் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்ததால் வந்த பெயர். முப்பத்தொன்பதாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு அவள் கேமராவைத் தூக்கியபோது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டவர்கள் மட்டும், மறுபடி எடுக்கிற தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுக்கப் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் அட்டை வேண்டும். அது இல்லாததால் மூன்று பள்ளிகளின் வாசலோடு காவலாளிகள் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். சங்கத்தில் புதியவர்களுக்கு ‘வளரும் கலைஞர்’ என்றொரு பிரிவு இருந்தது. “நாப்பது வயசுல இன்னும் எங்க அண்ணி வளரப் போறீங்க?” என்று நாத்தனார் சிரித்தாள், சிரித்தபடியே படிவத்தைத் தன் அழகான கையெழுத்தில் நிரப்பியும் கொடுத்தாள். டோக்கன் அக்கா பத்துப் படங்களை இணைத்து, டயர் கடை மாடியில் இருந்த சங்க அலுவலகத்தில் சேர்த்தாள். முடிவு சொன்ன ஏழு நாளுக்குள் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் ஒன்பதாவது விதி.

முடிவு வரவில்லை. கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்றார் செயலாளர். அடுத்த தடவை பின்கோடு தெளிவாக இல்லை என்றார். பிறகு சங்கத்தின் முத்திரை காணாமல் போனது. இப்படியே இரண்டு வருடமும் நாலு மாதமும் ஓடின. அதற்குள் சங்க அலமாரியில், முதல் படத்துக் கல்யாணப் பெண்ணின் கையில் குழந்தை வந்தது. மூன்றாவது படத்துச் சிறுமிக்கு முன்பல் விழுந்து முளைத்தது. டோக்கன் அக்கா மட்டும் அப்படியே இருந்தாள். டாக்டரிடமே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறினாள். அலமாரி திறந்திருந்தது. செயலாளர் பத்தாவது படத்தை மடியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். அது, ஊர்ப் பெயரைக்கூட அவள் கவனிக்காத ஏதோ ஓர் இடத்தில், பஸ் இரண்டு நிமிடம் நின்றபோது ஜன்னல் வழியாக எடுத்தது. ஓர் இளைஞன் லாரிச் சரக்குக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“என் பையன்மா,” என்றார். “சண்டை போட்டுட்டுப் போயி ஆறு வருஷமாச்சு. போன மாசம் கையில கட்டு போட்டிருந்தான். இப்ப பிரிச்சுட்டாங்க, பாரும்மா.”

அவளுக்குக் கோபத்தில் காது சூடானது. “இதுக்காகவா சார் என்னை ரெண்டு வருஷமா அலைய விட்டீங்க? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே!”

“வாங்கிட்டு எங்கம்மா போறது? அவன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு வீட்ல நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவள் படத்தை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி, அவருடைய பைக்குள் வைத்தாள். “எனக்கு ஒன்பது போதும். இதை நீங்களே அவனோட அம்மாகிட்ட கொடுங்க.”

அன்று சாயங்காலம் செயலாளரின் மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தார். “இளைச்சுட்டான்,” என்றார். அதன்பின் இரண்டு நாள் கணவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னார்.

அந்த வாரக் கூட்டத்துக்கு நாற்காலி போதாத அளவு ஆள் வந்தது. விண்ணப்பத்தின் படக்குறிப்பில் மழித்த முகம் என்று இருக்கும் ஆள் படத்தில் தாடியோடு இருக்கிறாரே என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார். அரை மணி நேரம் விவாதித்து, தாடிக்குப் புகைப்படக்காரர் பொறுப்பல்ல என்று தீர்மானம் போட்டார்கள். டோக்கன் அக்காவுக்கு அட்டை கிடைத்தது. அடுத்த வருடமே நாலு பள்ளிகளில் படம் எடுத்தாள். பிள்ளைகள் வளர வளர வகுப்புப் படங்களில் நெரிசலாகிப் போகிறது என்பதைத் தவிர வேறு புகார் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, செயலாளர் வீட்டுப் படத்தில் அந்த இளைஞனின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. செயலாளரின் மனைவி படத்தை டேப்பால் அளந்து, மனக்கணக்குப் போட்டு, மஞ்சளில் ஒரு கவுன் தைத்தார். அனுப்ப விலாசம் இல்லாததால் படம் தொங்கிய ஆணியிலேயே மாட்டி வைத்தார். மறுநாள் ஆணியில் கவுன் இல்லை. குழந்தை அதைப் போட்டுக்கொண்டிருந்தது. செயலாளர் கிட்டே போய்ப் பார்த்தார்.

“கை கொஞ்சம் நீளமாயிருச்சு,” என்றார்.

“அடுத்ததுல பிடிச்சுடறேன்,” என்று சொல்லிவிட்டு, மனைவி ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார்.